மெதுவாகப் போ, கண்ணு

நேற்று இணைய இணைப்புச் சரிசெய்யும் வேலைக்கு உனக்குப் பையும் அடையாள அட்டையும் கொடுத்துவிட்டார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிரிம்பிங் கருவி, ஃபைபரை வெட்டும் கிளீவர், பவர் மீட்டர், பேட்டரி நிற்காத ஒரு பழைய லேப்டாப். பையில் இல்லாததைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் 1982-இல் டெலிபோன் கம்பம் ஏறும் ஆளாகச் சேர்ந்து 2018-இல் இறங்கியவன். 2005-இல் எங்கள் பக்கம் செப்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட் வந்தபோது 256 கேபிபிஎஸ் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இன்றைக்கு அந்த வேகத்தைச் சொன்னால் உன் தங்கைகூடச் சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் நான் சரிசெய்த வீடுகள் மறந்துவிட்டன. சொதப்பிய வீடுகள்தான் கண்ணில் நிற்கின்றன. நினைவுக்கு வந்தபடி எண் போட்டு எழுதுகிறேன்.

1. முதலில் உட்கார். ‘நெட் ஸ்லோவா இருக்குங்க’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வயிற்றுவலி என்று வருகிறவரிடம் எந்த இடத்தில் வலி என்று வைத்தியர் கேட்காமல் விடுவாரா? யாருடைய போனில், எந்த அறையில், எத்தனை மணிக்கு, எல்லாப் பக்கமுமா ஒரே ஒரு பக்கமா என்று நீயும் கேள். சூரம்பட்டியில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வாயைத் திறக்குமுன் மோடத்தைக் கழற்றிவிட்டேன். இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்க வேலை. கடைசியில் அந்த அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க வருது, பையனோட ரிசல்ட் பக்கம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு” என்றார். அன்றைக்கு பிளஸ் டூ ரிசல்ட். மாநிலமே அந்த ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கம்பியில் ஒரு குறையும் இல்லை. வாசலிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் காப்பி ஆறியிருக்காது.

2. எண்ணைப் புரிந்துகொண்டு பேசு. எம்பிபிஎஸ் என்றால் உன் அம்மாவுக்கு டாக்டர் படிப்புதான். வாடிக்கையாளர் பலருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். “100 வாங்கினேன், 12 தான் வருது, ஏமாத்துறீங்களா?” என்று ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. நானும் பதிலுக்குக் கத்தினேன். அவர் படம் இறக்கும்போது திரையில் பார்த்தது மெகாபைட். நாங்கள் விற்றது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. அவருக்கு வரவேண்டியது முழுசாக வந்துகொண்டிருந்தது. எனக்கே அந்தக் கணக்கு அப்போது சரியாகத் தெரியாது. அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

3. பெரிய பிளானைத் தலையில் கட்டாதே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு பெரியவர், செய்தித்தாள் பக்கம் திறக்க நேரமாகிறது என்றார். ‘அடுத்த பிளானுக்கு மாறுங்க ஐயா’ என்றேன். மாறினார். மாதம் முந்நூறு ரூபாய் கூடியது, பக்கம் திறக்கிற வேகம் அப்படியே இருந்தது. ஒரு வலைப்பக்கம் என்பது ஒரே பெரிய மூட்டை இல்லை. நூறு சின்னச் சின்னக் கேள்வி, நூறு பதில். ஒவ்வொன்றும் போய்த் திரும்ப வேண்டும். குழாயை அகலமாக்கினால் படம் சீக்கிரம் இறங்கும். போய்த் திரும்பும் தூரம் குறையாது. ஃபைபருக்குள் ஒளியே வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அமெரிக்காவில் இருக்கும் ஒரு கணினியிடம் கேட்டால் ஒரு நடைக்கே 200 மில்லி வினாடிக்கு மேல் ஆகிவிடும். கூகுளில் இருந்த மைக் பெல்ஷி 2010-இல் இதை அளந்து காட்டினார். வேகத்தை 5 எம்பிபிஎஸ்-இலிருந்து 10 ஆக்கினால் பக்கம் திறக்கும் நேரம் 5 விழுக்காடு அளவுக்குத்தான் குறைந்தது. ஆறு பேர் ஆறு திரையில் படம் பார்க்கிற வீட்டுக்குப் பெரிய பிளான் தேவை. செய்தித்தாள் படிக்கிற பெரியவருக்கு அவருடைய பழைய கணினியில் குவிந்து கிடந்த டூல்பாரை நீக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த முந்நூறு ரூபாய் இன்னும் என் கணக்கில் கடனாகத்தான் நிற்கிறது.

4. வீட்டையும் வீதியையும் பிரித்துப் பார். உன் வேலையில் பாதி இதுதான். லேப்டாப்பை ரவுட்டரில் கம்பி போட்டுச் சொருகு. கம்பியில் வேகமாகவும் வைஃபையில் மெதுவாகவும் இருந்தால் குற்றம் வீட்டுக்குள். இரண்டிலும் மெதுவென்றால் வெளியே பார். அடுத்தது பிங். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் ஒரே ஒரு சாயங்காலத்தில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்துப் பெயர் வைத்தார். சத்தம் கொடுத்துவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பதுதான் அதன் வேலை. முதலில் ரவுட்டரையே கூப்பிடு. பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1. கம்பியில் ஒன்றிரண்டு மில்லி வினாடியில் பதில் வந்துவிடும். வைஃபையில் அதுவே 4, 300, 7, 450 என்று துள்ளினால் வெளியே போய்க் கம்பம் ஏறாதே. நான் ஏறியிருக்கிறேன், சித்திரை வெயிலில், ஒரு நாளில் மூன்று முறை.

5. ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு, டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் மேல், மீன்தொட்டிக்கு அருகில் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கும், கான்கிரீட் சுவர் ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவர் தாண்டும் வலு குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும். ஆனால் அந்தத் தெருவில் எல்லா வீடும் அதே அலையில்தான் பேசிக்கொண்டிருக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரையும். அந்த 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அவற்றில் கூட்டம் குறைந்ததை எடு. இதெல்லாம் உனக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஒன்று: பெருந்துறையில் ஒரு பாட்டி ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், அவர் மருமகள் முன்னால். பாட்டி ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, முந்தைய ரவுட்டரைப் பேரன் கீழே தள்ளி உடைத்து, அதற்குப் பாட்டி தன் கைக்காசைக் கொடுத்திருக்கிறார். சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்து மேலே வைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு நான் வேலையில் இருந்தவரை அந்த வீட்டுப் புகார் எதுவும் வரவில்லை. பாட்டியும் என்னிடம் அதற்குமேல் பேசவில்லை.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அவசரத்தில் கேபிள், அடாப்டர், சேனல், மோடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவாய். அடுத்த வாரம் அதே புகார் வரும். எது மருந்து, எது சும்மா என்று உனக்கும் தெரியாது.

7. கம்பியைக் கையால் தடவிப் பார். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். எலி ஒரு நூலைக் கடித்துவிட்டால் பல நேரம் இணைப்பு அறாது; சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். ஃபைபரில் இன்னும் நுணுக்கம். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கினால், ஆணியில் இறுக்கி வளைத்திருந்தால், மரத்தோரம் அணில் கொறித்திருந்தால் ஒளி கசியும். பவர் மீட்டரில் மைனஸ் 19, 20 என்று வந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது கிணற்றுக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் விழுவதுதான். அந்த விளிம்பில் சிவப்பு விளக்குகூட எரியாமல் தரவுப் பொட்டலங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலையும். தொலைந்தால், அனுப்புகிற கணினி ‘வழியில் நெரிசல்’ என்று நினைத்துத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வான் ஜேக்கப்சன் 1988-இல் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு இல்லையென்றால் இணையமே நெரிசலில் நின்றுபோயிருக்கும். ஆனால் அழுக்குக் கனெக்டருக்கும் நெரிசலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கனெக்டர் முனையைச் சட்டை நுனியால் துடைக்காதே. நான் துடைத்துத் துடைத்துத்தான் கெடுத்தேன்; அதற்கென்று துடைப்பான் இருக்கிறது. முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வருவது 1490 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

8. மேலே ஏறும் பாதையையும் பார். இறங்கும் வேகத்தை எல்லோரும் அளப்பார்கள், ஏற்றும் வேகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பவானியில் ஒரு கல்யாண வீடு. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், ஒரு பக்கமும் திறக்கவில்லை என்று புகார். லைன் சுத்தமாக இருந்தது. பெண்ணின் அண்ணன் போனில் ஆயிரத்துச் சொச்சம் போட்டோ, வீடியோ. அந்த போன் தானாகவே எல்லாவற்றையும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. செப்புக் கம்பி காலத்தில் ஏற்றும் வேகம் ஒரு மெகாபிட்கூடக் கிடையாது. ஆடிப்பெருக்கன்று கூடுதுறைப் படித்துறையைப் பார்த்திருக்கிறாயே, ஒரு குடம் தண்ணீர் எடுக்க வந்தவளும் அத்தனை கூட்டத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அதுபோல ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்கிற சின்னக் கேள்வி அந்த வீடியோக்களுக்குப் பின்னால் மோடத்துக்குள் வரிசையில் நின்றது. பிங் 30-இலிருந்து 2000 மில்லி வினாடிக்கு ஏறியிருந்தது. ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இந்த நோயைக் கண்டு, அதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். பெட்டி செய்கிறவர்கள் ‘ஒன்றும் தொலையக் கூடாது’ என்று உள்ளே பெரிய பெரிய காத்திருப்பு அறை கட்டியதன் வினை. தொலைப்பதே சில நேரம் நல்லது என்று அவர்களுக்கு யார் சொல்வது! இப்போது நல்ல ரவுட்டர்களில் வரிசையை ஒழுங்கு செய்யும் வசதி இருக்கிறது. அன்றைக்கு நான் செய்தது இவ்வளவுதான்: அந்தப் பையனிடம் இராத்திரி பத்து மணிக்குமேல் அனுப்பிக்கொள்ளச் சொன்னேன். கல்யாண விருந்து இன்னும் மிச்சம் இருந்தது, சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள்.

9. டிஎன்எஸ்-ஐத் திருநீறு ஆக்காதே. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருகிற இந்த ஏற்பாட்டை பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்தார். அது மந்தமானால் பக்கம் திறக்குமுன் ஒரு திணறல் இருக்கும், திறந்தபின் சரசரவென்று ஓடும். அந்த அறிகுறி இருந்தால் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 போட்டுப் பார், 1.1.1.1 போட்டுப் பார். இல்லையென்றால் விட்டுவிடு. எங்கள் ஆட்களில் ஒருவர் போகிற வீட்டிலெல்லாம் எந்த நோய்க்கும் இதைத்தான் பூசிவிட்டு வருவார். நாலு வீட்டில் பலிக்கும், அந்தப் பெயரில் நாற்பது வீடு ஓட்டுவார்.

10. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதே. ஆடிட்டர் ஒருவர் வீடு. எல்லாப் பக்கமும் வருகிறது, இரண்டே இரண்டு பக்கம் மட்டும் பாதியில் தொங்கி நிற்கிறது என்றார். ஸ்பீட் டெஸ்ட் போட்டேன், முழு வேகம். ‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்’ என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். ‘அந்தப் பக்கக்காரங்களைக் கேளுங்க’ என்றேன். மூன்றாவது முறை அவர் ஒரு நோட்டை நீட்டினார். தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் தொங்கியது என்று கணக்கர் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட். எங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகை. அந்த உறையே 8 பைட்டைத் தின்றுவிடும், மீதி 1492. பெரிய பொட்டலம் நுழைய முடியாமல் நின்றால் ‘சின்னதாக அனுப்பு’ என்று சேதி திரும்பிப் போக வேண்டும். சில இடங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் சேதியையே அடைத்து வைத்திருப்பார்கள். அனுப்பியவருக்குத் தெரியாது, வாங்குகிறவருக்கும் வராது. அவர் வீட்டுப் புதிய ரவுட்டரில் எம்டியு, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1500 என்றே கிடந்தது. 1492 என்று மாற்ற அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்கு அவரை இரண்டு மாதம் பொய்யர் ஆக்கி வைத்திருந்தேன். ‘பரவாயில்லைங்க’ என்றார். ஆடிட்டர்கள் பொதுவாக அப்படிச் சொல்கிறவர்கள் இல்லை.

11. நம் பக்கம் தப்பு என்றால் தப்பு என்று சொல். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகில் கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியா முழுக்க இணையம் திணறியது. அது உண்மை. கப்பல் போய்ப் பத்துப் பதினைந்து நாளில் ஒட்டிவிட்டார்கள். நான் மட்டும் அந்தக் கேபிளை ஒட்டவே விடவில்லை. தெருவோரப் பில்லர் பெட்டியில் மழைத்தண்ணீர் புகுந்தாலும், எக்ஸ்சேஞ்சில் கார்டு போனாலும், ‘கடல் கேபிள் அறுந்து போச்சுங்க’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். மே மாதம் ஒரு வீட்டில் ஆறாவது படிக்கிற பையன் கேட்டான்: “மாமா, கடல் கேபிள் இன்னுமா ஒட்டலை?” அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஃபைபரிலும் உனக்கு இப்படிச் சந்தர்ப்பம் வரும். ஜிபான் முறையில் ஒரு கிளையின் சுமார் 2.5 கிகாபிட் கொள்ளளவை முப்பத்திரண்டு வீடு, சில இடங்களில் அறுபத்து நான்கு வீடு பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கு மேலே ஊரே சேர்ந்து பங்கு போடும் குழாய் ஒன்று இருக்கும். காலை ஆறு மணிக்குப் பறந்து, இரவு ஒன்பதுக்குத் தவழ்ந்தால் அந்தப் பங்கில்தான் நெரிசல். வாடிக்கையாளரின் போன்மேல் பழியைப் போடாதே. இரண்டு நேரமும் அளந்து, குறித்து, மேலே அனுப்பு. புகாரின் டாக்கெட் நம்பரை அவர் கையில் கொடு. தீர்வு திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்பதையும் நீயே சொல். நிறுவனத்துக்கு அது பிடிக்காது. சொல்.

12. அணைத்துப் போடுவதற்கு முன் எழுதிக்கொள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பாதி நோய் மறையும், அது உண்மைதான். கூடவே தடயமும் மறையும். விளக்குகள் எப்படி எரிந்தன, எத்தனை நேரமாக ஓடுகிறது, பெட்டி எவ்வளவு சூடு, அடாப்டர் ஊதியிருக்கிறதா என்று இரண்டு வரி.

13. கடைசியாக ஒரு வீடு. சென்னிமலை ரோட்டில், தறிக்காரர் ஒருவருடையது. செப்புக் கம்பி இணைப்பு. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஓடாது, பிறகு தானாகச் சரியாகிவிடும். மோடத்தை இரண்டு முறை மாற்றினேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரை மாற்றினேன். பில்லரில் ஜோடியை மாற்றினேன். தறி மோட்டார் என்று சந்தேகப்பட்டு அவரை ஒரு நாள் தறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார், ஒரு நாள் கூலி போனது, இணையம் அன்றும் நின்றது. கடைசியில் ‘வாடிக்கையாளர் பக்கக் கோளாறு’ என்று எழுதிக் கோப்பை மூடினேன். 2020-இல், ஓய்வுபெற்று வீட்டில் அடைந்து கிடந்தபோது ஒரு செய்தி படித்தேன். வேல்ஸ் நாட்டில் அபெர்ஹோசன் என்று ஒரு குக்கிராமம். பதினெட்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துவிடும். அங்கேயும் கேபிளை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், தீரவில்லை. பிறகு விடியற்காலையில் மழையில் நனைந்துகொண்டு அலை அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணிக்குக் கருவி கத்தியது. ஒரு வீட்டில் பழைய டிவி ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து மின் இரைச்சல். அவ்வளவுதான். படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சென்னிமலை ரோட்டுக்குப் போனேன். தறிக்காரர் இறந்துவிட்டார். மகன் இருந்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் அப்பா என்ன போடுவார் என்று கேட்டேன். தறியை நிறுத்தச் சொன்ன காலத்தில் எனக்கு இந்தக் கேள்வி வரவே இல்லை, கண்ணு. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சாமி ரூம்ல சீரியல் லைட்டுங்க. மினுக்கு மினுக்குன்னு எரியும். அவரே கையால வாங்கிட்டு வந்து மாட்டினது” என்றார். பார்க்கலாமா என்றேன். சுவிட்சைப் போட்டார். முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஓடியது. அந்த வீட்டுக்குச் செப்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது, ஆகவே சோதித்துப் பார்க்க வழியில்லை. கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.